செருப்பு, திண்ணை, மீன்கூடை



இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு நம் செயலாளர் கொடுத்த தலைப்பு, 'அறிமுகமில்லாதவர்களிடம் மரியாதை'. இது வரலாறா, அறிவுரையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீராம்பட்டினத்தையும் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியையும் வைத்துப் பார்த்தால், இதில் இரண்டாயிரம் வருடக் கணக்கு இருக்கிறது. இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த பொதுக்குழுவில் வரப்போகும் தீர்மானங்களில் ஒன்று, 'வியாபாரிகள், டெலிவரி ஆட்கள், வீட்டு வேலை செய்பவர்கள் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று தரைத்தளத்தில் பலகை மாட்டுவது. கை தூக்குவதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வேற்று ஆள் வந்து இறங்கிய கரை

வீராம்பட்டினத்தை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்புப் பக்கம் இருக்கிறது அரிக்கமேடு. நம்மில் பாதிப் பேர் வெளியூர் விருந்தாளிகளை அழைத்துப் போய்க் காட்டியிருப்போம். அங்கே பார்க்க அதிகம் இல்லை. இடிந்த சுவர்களும் மரங்களும்தான். ஆனால் மண்ணுக்கு அடியில் கிடைத்தவை ஏராளம். 1945ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். 1947 முதல் 1950 வரை கஸால் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. இத்தாலியின் அரெட்சோ நகரத்து மட்பாண்ட வகை, ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளின் துண்டுகள், மணிகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதில் மரியாதை எங்கே வருகிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மொழி தெரியாத, சாப்பாடு வேறான, சாமி வேறான ஆட்கள் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். திரும்பிப் போகக் காற்று மாற வேண்டும். அதுவரை மாதக் கணக்கில் கரையில் தங்க வேண்டும். அவர்களுக்கு இடம், தண்ணீர், கூலியாள், நியாயமான எடை எல்லாம் கிடைத்தால்தான் அடுத்த வருடமும் வருவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முன்பின் தெரியாதவரிடம் மரியாதையாக நடப்பது முதலில் ஒரு தொழில் தேவையாகத்தான் இருந்திருக்கும். நம்பிக்கை இல்லாமல் கணக்குத் திறக்க முடியாது. அதே காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பல தேசத்துப் பல மொழிக்காரர்கள் அங்கே கலந்து இனிதாக வாழ்ந்ததை ஊரின் பெருமையாகவே சொல்கிறது. வேற்று மொழிக்காரன் பக்கத்து வீட்டில் இருப்பதை அவமானமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார்கள்.

வானம் பார்க்க வந்தவர்

அடுத்து ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் லெ ஜான்தீல், வானியல் அறிஞர். வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காகப் புறப்பட்டார். 1761ல் அவர் வந்து சேருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது, ஆடும் கப்பலில் அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு வருடம் கழித்து. காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் எல்லாம் தயார். அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி அகாடமியில் அவருடைய இடத்தையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பாவப்பட்ட மனிதர். ஆனால் புதுச்சேரி அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை இங்குள்ளவர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1765 ஆகஸ்ட் 30ல் வந்த சந்திர கிரகணத்தைத் தமிழ் முறையில் கணித்தபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணை 68 வினாடி கூடுதலாகக் காட்டியது. இதை அவரே நேர்மையாகப் பதிவு செய்தார். வீராம்பட்டினத்துக்காரர்கள் பழைய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தவரும் அவர்தான். அரிக்கமேட்டைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஆரம்பக் குறிப்புகளில் அதுவும் ஒன்று. பின்னால் 1930களில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கி வந்த மணிகளை வாங்கிப் பார்த்துத்தான் இந்த இடத்தின் மதிப்பை உணர்ந்தார். உள்ளூர் ஆளை நிறுத்தி, மதித்து, 'இது என்ன' என்று கேட்டவர்களுக்குத்தான் இந்த மண் தன் கதையைச் சொல்லியிருக்கிறது.

கவர்னர் பிடித்த வடம்

ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஆடி ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைக்கும் வழக்கம் இருந்தது. 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறிய பிறகும் வழக்கம் நிற்கவில்லை. இன்றைக்கும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள்.

ஆளுகிறவர் மீனவர் குப்பத்துக்குத் தேடி வந்து, குப்பத்து ஜனங்களோடு ஒரே கயிற்றைப் பிடிப்பது சின்ன விஷயம் இல்லை. அதில் அரசியலும் இருந்திருக்கும். குடிகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாமா? இருந்தாலும் பழக்கமாகிவிட்ட ஒரு மரியாதையை அடுத்து வந்தவர்களால் விட முடியவில்லை.

தாழ்வாரமும் திண்ணையும்

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? வைசியாள் வீதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். அந்த வீதியைப் பழைய வடிவில் மீட்டதற்கு 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே வீட்டுக்கு முன்னால், தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுக் கூரை இருக்கும். அது தாழ்வாரம். வெயிலிலோ மழையிலோ தெருவில் போகிற யாரும் ஒதுங்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம். அதற்கு உள்ளே திண்ணை. அது வந்தவர் உட்கார, பேச, தண்ணீர் குடிக்க. அதற்கும் உள்ளே வாசல் கதவு, நடை, முற்றம்.

ஆக, தெருவில் போகிறவர் ஒரேயடியாக உள்ளே வந்துவிடுவதும் இல்லை, ஒரேயடியாக வெளியே நிறுத்தப்படுவதும் இல்லை. நடுவில் இரண்டு படி இருந்தது. வீட்டுக்காரரின் பாதுகாப்பும் கெடவில்லை, வந்தவரின் மானமும் கெடவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எந்தச் சாதிக்காரர் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் செருப்புப் போடலாம், யார் குடை பிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்த காலம் அது. அரசியல் சாசனம் வந்து, 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்துதான் சட்டப்படியாவது அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது. பழைய காலத்தின் திண்ணையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப் புத்தகத்தை அல்ல.

பொன்னுத்தம்பி பிள்ளையின் காலணி

செருப்பு என்றதும் நம் ஊரின் முக்கியமான கதைக்கு வருகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய துபாஷி. பல்லக்கில் போகவும் செருப்புக் காலோடு கவர்னர் மாளிகைக்குள் நுழையவும் அவருக்குத் தனிச் சலுகை இருந்தது. சலுகை என்று ஒருவருக்குக் கொடுத்தால், மற்றவர்கள் எல்லாம் வெறுங்காலோடு போனார்கள் என்று அர்த்தம்.

அதற்கு நூறு வருடத்துக்கும் பிறகு, 1873ல், பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் ஐரோப்பிய பாணிக் காலணியும் காலுறையும் அணிந்து போனார். உள்ளூர்க்காரர்கள் காலணியை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அது நீதிமன்றத்துக்குக் காட்டும் மரியாதையாம். நீதிபதி அவரை வாதாட விடவில்லை. கழற்றிவிட்டுப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் கழற்றவில்லை. வழக்கைப் பாரீஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன். தீர்ப்பு பொன்னுத்தம்பி பிள்ளைக்குச் சாதகமாக வந்தது. கோதேன் பின்னால் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகவே பாரீஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1881ல், சாதி மத வழியான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்ற ஆணை வந்தபோது பொன்னுத்தம்பி பிள்ளை முன்னால் நின்றார். லபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள்.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே சண்டை நடந்தது. 1860களில் சூரத்தில் ஒரு பார்சிக்காரர் நீதிமன்றத்தில் காலணியைக் கழற்ற மறுத்தது பத்திரிகைகளில் பெரிய விவாதமானது. வெளியே பார்த்தால் செருப்பு விவகாரம். உள்ளே இருந்த கேள்வி வேறு: மரியாதை இரண்டு பக்கமும் போக வேண்டியதா, ஒரு பக்கம் மட்டும் காட்ட வேண்டியதா? கோயிலில் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறோம். அதில் யாருக்கும் தாழ்வில்லை. ஒரே அறையில் ஒருவர் கழற்ற, இன்னொருவர் கழற்ற வேண்டாம் என்றால் அது மரியாதையின் கணக்கில் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில்கூட, மீனவக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் கிளை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கவுன்டருக்கு வருவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி எங்கும் எழுதவில்லை. சிமென்ட் தரை, மின்விசிறி, நாற்காலி, பேனா பிடித்த ஆட்கள், இவ்வளவும் சேர்ந்து அவர்களிடம் அப்படிச் சொல்லியிருந்தது. 'செருப்போடே வாங்கம்மா' என்று எங்கள் பியூன் ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி, அந்தப் பழக்கம் போக வருடங்கள் ஆனது. ஒரு பலகை மாட்டாமலே இவ்வளவு என்றால், பலகை மாட்டினால் அது எத்தனை காலம் பேசும் என்று எண்ணிப் பாருங்கள்.

நீ, நீங்க, திரு

மரியாதை முதலில் தெரிவது சொல்லில்தான். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு; பிரெஞ்சிலும் து, வூ என்று இரண்டு. காலனி ஊர்களில் வெள்ளையர்கள் உள்ளூர்க்காரர்களை, வயதில் பெரியவர்களைக்கூட, ஒருமையில் கூப்பிடுவது சகஜமாக இருந்தது. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. வேலைக்கு வருபவர் அறுபது வயதானாலும் பெயர் சொல்லி, 'வா, போ' என்று அழைத்தவர்கள்தான் நாம். சுயமரியாதை இயக்கம் 1929ல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொன்னதும், 1967ல் அண்ணா முதலமைச்சரானபின் அரசுக் கடிதங்களில் 'திரு', 'திருமதி', 'செல்வி' வந்ததும் இந்த வரலாற்றின் பகுதிகள். கடன் கேட்டு விண்ணப்பித்த கட்டுமரக்காரருக்கும் மில் முதலாளிக்கும் எங்கள் கிளையிலிருந்து போன கடிதங்களில் ஒரே 'திரு'தான் இருந்தது. தட்டச்சில் மூன்று விசை அதிகம், அவ்வளவுதான் செலவு.

பேச்சில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. பெயர் தெரியாதவரை அண்ணே, அக்கா, அம்மா, ஐயா, தம்பி என்று கூப்பிட்டுவிடலாம். நன்றி என்று வாய்விட்டுச் சொல்வது நம்மிடம் குறைவு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். நாம் 'சாப்பிட்டீங்களா', 'வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க' என்று அதைச் செலுத்தினோம். 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று விடைபெற்றோம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஊர் சொல்தாக்கள் தெருவில் எதிர்ப்படும் யாருக்கும் ஒரு 'போன்ழூர்' வைப்பார்கள். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். எந்த மொழியில் என்பது முக்கியமில்லை. எதிரே வருபவர் கண்ணில் பட்டார் என்று அவருக்குத் தெரிவிப்பதுதான் விஷயம்.

குளச்சலில் நடந்தது

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார்.

அந்த வீடியோவைப் பார்த்து நம் வாட்ஸப் குழுவில் வருத்தப்படாதவர்கள் இல்லை. இப்போது நாம் மாட்டவிருக்கும் பலகைக்கும் அந்தப் பேருந்துக்கும் என்ன வித்தியாசம்? வீராம்பட்டினத்திலிருந்து காலையில் கூடையோடு வரும் பெண்களின் வஞ்சிரத்தையும் சங்கராவையும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்காம் மாடிக்கு வந்து நிறுத்துக் கொடுங்கள் என்கிறோம், படியில் ஏறி வாருங்கள் என்கிறோம்.

இனி நம் தீர்மானம்

பலகை கேட்பவர்களின் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பலகை இல்லாமல் வழி இருக்கிறது.

முதலாவது, லிப்டில் மீன் தண்ணீர் சொட்டுகிறது. சரிதான். பிரச்சினை தண்ணீர், ஆள் இல்லை. தரைத்தளத்தில் நான்கு பிளாஸ்டிக் தட்டுகள் வைப்போம். கூடையைத் தட்டில் வைத்துக்கொண்டு யாரும் ஏறலாம். நாம் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரும் மீன் பைக்கும் அதே விதி. குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் மேடை கட்டினால், மாடி ஏற விரும்பாதவர்கள் அங்கேயே வியாபாரம் செய்யலாம். நாமும் இறங்கி வரலாமே.

இரண்டாவது, பாதுகாப்பு. வருபவரின் பெயர், போன் நம்பர், எந்த வீடு என்று காவலாளி எழுதிக்கொள்வது நியாயம். ஆனால் கேட்பதில் ஒரு முறை வேண்டும். 'வாங்க, யாரைப் பார்க்கணும்?' என்று தொடங்கினாலும் அதே விவரம்தான் கிடைக்கிறது. காரில் வருபவரிடமும் நடந்து வருபவரிடமும் ஒரே பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். காரில் வருபவர் என்றால் கேள்வி கேட்காமல் கேட்டைத் திறப்பது பாதுகாப்பு ஆகாது.

மூன்றாவது, லிப்டில் கூட்டம். டெலிவரிப் பிள்ளைகள் லிப்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள். மணி பார்த்து ஓடும் பிள்ளைகள் அவர்கள். நாம் ஆர்டர் போட்டுவிட்டுக் கதவைத் திறக்க ஐந்து நிமிடம் எடுக்காமல் இருந்தால் லிப்ட் சீக்கிரம் கீழே வரும். தண்ணீர் கேன் தூக்கி வருபவரை மூன்று மாடி ஏறச் சொல்வதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

நான் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான். நம் தரைத்தள வரவேற்பிடத்தில் இப்போது பூந்தொட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு நீளப் பெஞ்சும் ஒரு மண்பானையும் டம்ளரும் வைப்போம். வருபவர், காத்திருப்பவர், வெயிலில் வந்தவர் யாராக இருந்தாலும் உட்காரட்டும். அடுக்குமாடியில் திண்ணை கட்ட முடியாது. பெஞ்சு போட முடியும். செலவு பராமரிப்பு நிதியில் தாங்கும். நானே விலை விசாரித்து கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. காவலாளி அண்ணனை 'வாட்ச்மேன்' என்று கத்திக் கூப்பிடுவதை அவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. நம் வாயிலிருந்து கற்கிறார்கள். 'அண்ணா' என்று நாம் கூப்பிட்டால் அவர்களும் கூப்பிடுவார்கள்.

பலகைத் தீர்மானத்துக்கு என் வாக்கு எதிராகத்தான் இருக்கும். மாற்றாகத் தட்டு, பெஞ்சு, பொதுப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒரே தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய இன்னும் ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு முன் அலுவலக அறையில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். எதிர்ப்பவர்களும் தவறாமல் வந்து பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிப்போம்.